பெட்டியின்மேல் அச்சிட்ட எண்

கணக்கிடும் வேலையைச் செய்கின்ற பிராசஸரையும், அது வேலை நடக்கும்போது கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்கின்ற தற்காலிக நினைவகமாகிய ராமையும் பற்றிச் சென்ற அத்தியாயத்தில் விரிவாகப் பார்த்தோம். மின்சாரம் நின்ற மறுகணமே ராமில் இருப்பது அத்தனையும் அழிந்துபோகும் என்பதையும் அங்கே கண்டோம். அவ்வாறு அழியாமல், எழுதிய கடிதத்தையும் எடுத்த புகைப்படத்தையும், கணினி தன்னைத் தானே எழுப்பிக்கொள்வதற்கு வேண்டிய மூலக் கட்டளைகளையுங்கூட, மறுநாளும் மறு ஆண்டும் இருந்தவாறே எடுத்துத் தருவதற்கென்று உள்ள சாதனத்தைப் பற்றியது இவ்வத்தியாயம்.

இச்சாதனத்தை வாங்கப் போகிறவர், அது சென்னை ரிச்சி தெருவாயினும் இணையக் கடையாயினும், வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இரண்டே: எத்தனை ஜி.பி.? என்ன விலை? அவர் கேளாமலே பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் மூன்றாவது எண் ஒன்று அச்சிட்டிருக்கும். ஒன்றில் 550 என்றும், அதன் பக்கத்தில் இருப்பதில் 3,500 என்றும், கண்ணாடி அலமாரியில் தனியாக வைத்திருப்பதில் 7,000 என்றும் காணப்படும் அந்த எண், ஒரு விநாடியில் இத்தனை எம்.பி. படிக்கும் என்று அச்சாதனத்தின் வேகத்தைத் தெரிவிப்பது. அந்த எண் பொய்யன்று. அதற்குரிய முறையில் அளந்து பார்த்தால் ஏறக்குறைய அவ்வளவும் கிடைக்கும். ஆயினும் கணினியின் முன் உட்கார்ந்துகொண்டு, அது எப்போது விழித்தெழும், எப்போது திறந்து கொடுக்கும் என்று நம்மில் பெரும்பாலோர் காத்திருக்கின்ற அந்தக் காத்திருப்புக்கும் பெட்டியின்மேலுள்ள எண்ணுக்கும் உள்ள சம்பந்தம் மிகச் சொற்பம் என்பதே என் அபிப்பிராயம். அதற்குக் காரணம் சாதனங்களின் உள்ளமைப்பிலேயே இருக்கிறது.

பழுதாகிக் குப்பைக்குப் போகவிருக்கும் ஹார்டு டிஸ்க் ஒன்று கிடைக்குமானால் அதைத் திறந்து பார்ப்பதைப்போல் இவ்விஷயத்தில் தெளிவு தருவது வேறில்லை. நட்சத்திர வடிவக் குழியுள்ள சிறு திருகுகளைக் கழற்றியபின் (ஒன்று மட்டும் லேபிளுக்கு அடியில் ஒளிந்திருக்கும், அதைக் கண்டுபிடிக்காதவரை மூடி அசையாது) உள்ளே முகம் தெரியும்படி பளபளக்கும் வட்டத் தகடுகள் ஒரே அச்சில் அடுக்காகக் கோத்திருப்பதையும், அவற்றின் இடையிடையே நுழைந்து நிற்கும் மெல்லிய கரங்கள் ஒரு மூலையில் வலிமைமிக்க காந்தத்தின் பிடியில் இருப்பதையும், ஒவ்வொரு கரத்தின் நுனியிலும் எள்ளினும் சிறிய தலை ஒன்று இருப்பதையும் காணலாம். தகடு சுழலும்போது எழும் காற்றின் மெல்லிய படலத்தின்மேல் அத்தலை மிதக்கிறது. தகட்டுக்கும் தலைக்கும் உள்ள இடைவெளி ஒரு சில நானோ மீட்டர், அதாவது தலைமயிரின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. புகைத் துகள் ஒன்றுகூட அவ்விடைவெளியில் நுழைய முடியாத அளவு அது குறுகியது. ஆகவே திறந்து பார்த்த ஹார்டு டிஸ்கை மறுபடி மூடி உபயோகிக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இந்த ஏற்பாட்டின் மூதாதை, அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள சான் ஹோசே நகரத்தில், ரெனால்ட் ஜான்சன் என்பவரின் தலைமையில் ஐ.பி.எம். நிறுவனத்தார் உருவாக்கி 1956-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ராமாக்’ என்னும் யந்திரம். இரண்டடி விட்டமுள்ள 50 தகடுகளை நிமிஷத்துக்கு 1,200 முறை சுழற்றிய அந்த யந்திரம் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ளதாய், ஓர் அலமாரியின் பருமனுக்கு நின்று, 50 லட்சம் எழுத்துக்களைத் தாங்கியது. இன்றைய அளவில் அது நாலு எம்.பி.யைக்கூட எட்டாது. அன்று தொட்டு இன்று வரை தகடு சுருங்கியது, தடங்கள் நெருங்கின, கொள்ளளவு கோடி மடங்கை நோக்கி வளர்ந்தது. ஆனால் சுழலும் தகடு, நகரும் கரம் என்ற தத்துவம் மட்டும் மாறவில்லை. வேகத்தின் சூட்சுமம் அந்தத் தத்துவத்துக்குள் அடங்கியிருக்கிறது.

மேஜைக் கணினிகளில் வழக்கமாக உள்ள ஹார்டு டிஸ்கின் தகடு நிமிஷத்துக்கு 7,200 முறை சுழல்கிறது. விநாடிக்கு 120 சுழற்சி. ஒரு சுழற்சிக்கு 8.3 மில்லி விநாடி. வேண்டிய செய்தி தலைக்கு நேரே வந்து சேர்வதற்குச் சராசரியாக அரைச் சுழற்சி, அதாவது நாலு மில்லி விநாடிக்குச் சற்று அதிகமாகக் காத்திருக்க வேண்டும். அதற்கு முன்பே கரம் உரிய தடத்துக்கு நகர்ந்து நிலைகொள்வதற்கு எட்டொன்பது மில்லி விநாடி ஆகிவிடுகிறது. இரண்டையும் கூட்டினால் ஓர் இடத்திலிருந்து சம்பந்தமில்லாத இன்னோர் இடத்துக்குப் போய்ப் படிக்கச் சுமார் 13 மில்லி விநாடி. ஒரு விநாடியில் எழுபதெண்பது முறைக்கு மேல் அவ்வாறு போய்வர இயலாது. போன இடத்தில் படிப்பது, கணினிகளில் வழக்கமான சிற்றளவாகிய 4 கே.பி. மாத்திரம் என்றால், விநாடி ஒன்றுக்குக் கிடைப்பது சுமார் 300 கே.பி.; ஒரு எம்.பி.யில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதே ஹார்டு டிஸ்கில், அடுத்தடுத்த தடங்களில் தொடர்ச்சியாக எழுதியிருக்கும் பெரிய சினிமாப் படத்தை முதலிலிருந்து கடைசிவரை படிக்கச் சொன்னால், கரம் ஏறக்குறைய அசையாமலே நிற்க, தகடு தானாகச் சுழன்று செய்தியைக் கொண்டுவந்து கொடுக்க, விநாடிக்கு 150 முதல் 200 எம்.பி. வரை தாராளமாக வரும்.

ஆக, ஒரே சாதனத்துக்கு ஐந்நூறு மடங்கு வேற்றுமையுள்ள இரண்டு வேகங்கள் உள்ளன. தொடர்ந்து படிப்பது ஒன்று; சிதறிக் கிடப்பதைப் பொறுக்கிப் படிப்பது மற்றொன்று. பெட்டியின்மேல் அச்சிடப்படுவது எப்போதும் முதலாவது. கணினியை எழுப்பும்போதும், ஒரு மென்பொருளைத் திறக்கும்போதும், பின்னணியில் வைரஸ் பரிசோதனை ஓடிக்கொண்டிருக்கையில் மின்னஞ்சலைத் தேடும்போதும் நடப்பதோ பெரும்பாலும் இரண்டாவது. ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு கோப்புகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மூலையில். ஹார்டு டிஸ்க் உள்ள பழைய லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டுக் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் அது இன்னும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறதே என்று அங்கலாய்ப்பவர்கள், பிராசஸர் கிழடாகிவிட்டது என்று அதைப் பழிக்கிறார்கள். பாவம், பிராசஸர் செய்த குற்றம் ஒன்றுமில்லை. அது கேட்டதைக் கரம் கொண்டுவரும்வரை சும்மா இருக்கிறது. அந்தச் சும்மா இருத்தலின் அளவை மனத்தில் வாங்கிக்கொள்ள ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு கோடியில் ஒரு பங்கு விநாடியை ஒரு முழு விநாடியாக நீட்டி வைத்துக்கொண்டால், ராமிலிருந்து செய்தி வர ஒன்றரை நிமிஷத்துக்குச் சற்று மேலாகும்; அடுத்துச் சொல்லப்போகும் எஸ்.எஸ்.டி.யிலிருந்து வர ஒரு நாளும் நாலு மணியும் ஆகும். ஹார்டு டிஸ்கிலிருந்து வர ஐந்து மாதம் ஆகும்.

எஸ்.எஸ்.டி. என்பது சுழலும் தகடும் நகரும் கரமும் இல்லாத சாதனம். ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் பணிபுரிந்த ஃபுஜியோ மசுவோகா 1984-இல் உலகுக்கு அறிவித்து, 1987-இல் ‘நாண்ட்’ என்னும் வகையாகச் செப்பம் செய்து வெளியிட்ட ஃபிளாஷ் நினைவகமே அதன் உயிர்நாடி. நாற்புறமும் மின்கடத்தாப் பொருளால் சூழப்பட்ட நுண்ணிய அறை ஒன்றில் எலெக்ட்ரான்களைப் புகுத்திச் சிறைவைப்பதும், சிறையில் எத்தனை இருக்கின்றன என்பதை வெளியிலிருந்தே மின்னழுத்தத்தால் உணர்வதும் அதன் வேலை. எந்த அறையைக் கேட்டாலும் நடந்து போக வேண்டிய தூரம் ஏதும் இல்லாமையால், சிதறிக் கிடப்பதைப் படிப்பதில் அதற்குள்ள ஆற்றல் ஹார்டு டிஸ்கோடு ஒப்பிடத் தக்கதன்று. சாட்டா கேபிளில் செருகும் சாதாரண எஸ்.எஸ்.டி.கூட, ஒன்றன்பின் ஒன்றாக 4 கே.பி. துணுக்குகளை விநாடிக்குப் பதினாயிரம் அளவில் எடுத்துத் தருகிறது; அது சுமார் 40 எம்.பி. முன் சொன்ன 300 கே.பி.யோடு ஒப்பிட்டால் நூறு மடங்குக்கு மேல்.

அப்படியானால் 7,000 என்று அச்சிட்டிருப்பது, 550 என்று அச்சிட்டிருப்பதைக் காட்டிலும் பதின்மூன்று மடங்கு விரைவாகக் கணினியை எழுப்புமா என்று கேட்டால், எழுப்பாது. சாட்டா என்ற பழைய வழியின் அகலம் விநாடிக்கு 550 எம்.பி. அளவில் முடிந்துவிடுகிறது. 2011-இல் வகுக்கப்பட்ட என்.வி.எம்.ஈ. என்ற புதிய முறையோ, பிராசஸரோடு நேரே பேசும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்னும் அகன்ற வழியைப் பயன்படுத்துகிறது. வழி அகலமாதலால் பெரிய கோப்பு ஒன்று முழு வீச்சில் பாய்ந்து வரும். ஆயினும் சிறு துணுக்கு ஒன்றைக் கேட்டுவிட்டு, அது வந்த பிறகு அடுத்ததைக் கேட்கும் சாதாரண உபயோகத்தில், சிறையில் எத்தனை எலெக்ட்ரான் உள்ளது என்று உணர்வதற்கு ஆகும் நேரமே மிகுதியாதலின், விலை உயர்ந்ததும் விநாடிக்கு அறுபது எண்பது எம்.பி.யோடு நின்றுவிடுகிறது. பெட்டியில் பதின்மூன்று மடங்காகத் தெரிந்தது மேஜையின்மேல் ஒன்றரை மடங்காகவும், மிஞ்சினால் இரண்டு மடங்காகவும் சுருங்கிப்போகிறது. “உங்க மெஷினுக்கு இந்த ஐந்நூற்றைம்பதே போதும் சார், ஏழாயிரம் எதுக்கு?” என்று சொல்லும் கடைக்காரரைப் பார்த்தால் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள், அப்படிப்பட்டவர் அபூர்வம்.

பழைய கணினிக்குப் புத்துயிர் கொடுக்க நினைப்பவர், ஹார்டு டிஸ்கை நீக்கி மலிவான சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றை அவ்விடத்தில் பொருத்துவதோடு திருப்தி அடையலாம். புதுக் கணினி வாங்குபவருக்கோ என்.வி.எம்.ஈ.க்குரிய துளை மதர்போர்டிலேயே இருக்கும், சாதாரண என்.வி.எம்.ஈ.க்கும் சாட்டாவுக்கும் விலையில் பெரும் பேதமும் இல்லை. ஆகவே 3,500 என்று அச்சிட்ட நடுத்தர ரகத்தை எடுத்துக்கொள்வதே உசிதம். 7,000 யாருக்கு என்றால், பெரும் பெரும் வீடியோக் கோப்புகளை நாள் முழுவதும் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் மாற்றிக்கொண்டே இருப்பவர்க்கு. அவருடைய வேலைதான் பெட்டியின்மேலுள்ள எண்ணுக்கு ஒத்த வேலை.

வாங்குமுன் ஒரு பரீட்சை அவசியம். எம்.2 எனப்படும் வடிவம் 22 மில்லி மீட்டர் அகலமும் பெரும்பாலும் 80 மில்லி மீட்டர் நீளமுமாக உள்ள ஒரு சிறு பட்டை. ஒரு முனையில் பொன்னிறத் தொடுமுனைகள், மறுமுனையில் திருகுக்கு அரைவட்டக் குழி. வடிவம் ஒன்றாயிருந்தாலும் அதனுள் சாட்டா முறையும் இருக்கலாம், என்.வி.எம்.ஈ. முறையும் இருக்கலாம். பொன்னிற முனையைக் கண்ணருகில் பிடித்துப் பார்த்தால், ஒரே ஒரு வெட்டு மட்டும் இருப்பது பெரும்பாலும் என்.வி.எம்.ஈ.; இரண்டு வெட்டுகள் இருப்பது பெரும்பாலும் சாட்டா. உங்கள் மதர்போர்டின் துளை எதை ஏற்கும் என்பதை அதன் கையேட்டில் பார்க்காமல் வாங்கினால், பட்டை துளைக்குள் கச்சிதமாக உட்கார்ந்த பிறகும் கணினி அதை அறியாமல் விழிக்கும் விநோதம் நேரக்கூடும்.

எஸ்.எஸ்.டி.யின் குறைகளையும் சொல்லாமல் விடலாகாது. ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதுவது சிறு பக்கம் பக்கமாக நடக்கும். அழிப்பதோ பல நூறு பக்கங்கள் சேர்ந்த பெரும் கட்டமாகவே நடக்கும். எழுதிய ஓர் எழுத்தை மட்டும் விரலால் துடைக்க முடியாமல், திருத்த வேண்டுமானால் சிலேட்டு முழுவதையும் கழுவியே தீரவேண்டும் என்று ஒரு பள்ளிக்கூடத்தில் விதி இருந்தால் எப்படியோ, அப்படி. ஆகவே திருத்திய பக்கத்தைக் காலியான வேறோர் இடத்தில் எழுதிவிட்டு, பழைய பக்கத்தைச் செல்லாதது என்று குறித்துவைத்து, ஓய்வு நேரத்தில் செல்லுபவற்றை மட்டும் திரட்டி வேறிடம் சேர்த்துவிட்டுக் கட்டத்தைக் கழுவும் பொறுப்பை அதனுள்ளே இருக்கும் கண்ட்ரோலர் என்னும் சிறு பிராசஸர் ஏற்றிருக்கிறது. அதற்குக் காலியிடம் வேண்டும். எஸ்.எஸ்.டி.யைக் கழுத்துவரை நிரப்பிவிட்டு, வேகம் குறைந்துவிட்டதே என்று வருந்துவது நியாயமன்று. ஐந்தில் ஒரு பங்கையாவது எப்போதும் காலியாக விட்டுவைப்பது நல்லது.

மேலும், ஒவ்வோர் அறையிலும் எத்தனை பிட்டுகளைத் திணிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் குணம் மாறுகிறது. டி.எல்.சி. என்பதில் அறைக்கு மூன்று பிட்டு. எனவே எட்டு விதமான நிரம்பு நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். க்யூ.எல்.சி. என்பதில் நாலு பிட்டு, நிலைகள் பதினாறு. நிலைகள் நெருங்க நெருங்க எழுதுவதற்கு நிதானம் அதிகம் தேவைப்படுகிறது. வேகமும் ஆயுளும் குறைகின்றன. இக்குறையை மறைப்பதற்காக ஒரு பகுதியை மட்டும் அறைக்கு ஒரு பிட்டாக விரைந்து எழுதிக்கொண்டு, பிறகு சாவகாசமாக இடம் மாற்றுகிறார்கள். சாம்சங் நிறுவனத்தின் 870 க்யூ.வி.ஓ. என்ற 1 டி.பி. எஸ்.எஸ்.டி.யை எடுத்துக்கொண்டால், விநாடிக்கு 530 எம்.பி. என்ற எழுதும் வேகம் முதல் 42 ஜி.பி. வரைக்கும்தான், அதன்பின் 80 எம்.பி. என்று அந்நிறுவனமே விவரப் பட்டியலில் நேர்மையாக அச்சிட்டிருக்கிறது. அது ஹார்டு டிஸ்கின் தொடர்வேகத்தினும் குறைவு. தினமும் ஐந்து பத்து ஜி.பி. எழுதுபவருக்கு அந்த 42-இன் எல்லை கண்ணிலேயே படாது. ஒரே மூச்சில் 300 ஜி.பி.யைக் கொட்டுபவருக்குத் தினந்தோறும் படும். எனவே விலையில் சிறு வித்தியாசமே உள்ள இடத்தில் டி.எல்.சி.யையே எடுங்கள் என்பது என் யோசனை.

ஆயுளைப் பற்றிய பயம் வேண்டியதில்லை. 1 டி.பி. டி.எல்.சி. எஸ்.எஸ்.டி.க்கு மொத்தம் 600 டி.பி. எழுதும்வரை உத்தரவாதம் என்பது சாதாரணமாகக் காணப்படும் அளவு. நாளொன்றுக்கு 30 ஜி.பி. எழுதினாலும் அதைத் தீர்க்க 54 ஆண்டுகள் ஆகும். இந்த உத்தரவாதம் கொள்ளளவோடு சேர்ந்தே வளர்கிறது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவற்றில் 250 ஜி.பி.க்கு 150, 500-க்கு 300, 1 டி.பி.க்கு 600 என்று இருப்பதைக் காணலாம். பெரியதை வாங்குபவர் இடத்தோடு ஆயுளையும் சேர்த்தே வாங்குகிறார்.

எவ்வளவு பெரியது வேண்டும் என்பது, எதை வைத்துக்கொள்ளப் போகிறோம் என்பதற்கு அடங்கியது. முதலில் ஒரு சிறு கணக்கு வேற்றுமையைத் தீர்த்துவிடலாம்: 1 டி.பி. என்று வாங்கியதை விண்டோஸ் 931 ஜி.பி. என்று காட்டும். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகவும், விண்டோஸ் ஆயிரத்து இருபத்து நாலு, ஆயிரத்து இருபத்து நாலாகவும் எண்ணுவதால் வந்தது அது. யாரும் நம்மை ஏமாற்றவில்லை.

தமிழ் எழுத்தைக் கணினியில் வைக்கும்போது யூனிகோடின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளைப் பிடிக்கிறது. ஆங்கில எழுத்துக்கு ஒன்றே போதும். அப்படியிருந்தும் 300 பக்கத் தமிழ்ப் புத்தகம் ஒன்றின் முழு வாசகமும் ஒன்றரை எம்.பி. அளவில் அடங்கிவிடும். முன் சொன்ன ஒரு டன் ராமாக் யந்திரம் அத்தகைய புத்தகங்கள் இரண்டைத் தாங்கி, மூன்றாவதற்கு இடமின்றி நின்றிருக்கும். அதே புத்தகத்தைப் பக்கம் பக்கமாக ஏ4 அளவில், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வர்ணத்தில் ஸ்கேன் செய்து சுருக்காமல் வைத்தால் ஒரு பக்கம் 26 எம்.பி.; புத்தகம் ஏறக்குறைய 8 ஜி.பி. வாசகத்தைக் காட்டிலும் ஐயாயிரம் மடங்கு! 1998 முதல் தமிழ் இலக்கியங்களை எழுத்து வடிவில் தட்டச்சிட்டுச் சேர்த்துவரும் மதுரைத் திட்டத்தாரின் தேட்டம் ஒரு சிறு பென் டிரைவில் அடங்கக்கூடியது. பழந்தமிழ் அச்சு நூல்களை உள்ளபடியே படமாகக் காக்கும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஒன்றுக்கோ இடத்துக்கு முடிவே இராது. இரண்டும் புத்தகந்தான்.

வீடியோ இன்னும் பெரும் பசியுள்ளது. விநாடிக்கு 100 மெகாபிட் வீதம் பதியும் 4கே காமெரா ஒரு மணியில் 45 ஜி.பி. எழுதுகிறது. முந்தின நாள் வரவேற்பும் மறுநாள் முகூர்த்தமுமாக மூன்று காமெராக்கள் எட்டு மணி நேரம் ஓடினால் ஒரே கல்யாணத்துக்கு 1 டி.பி. தாண்டிவிடும். தை மாசத்தில் பத்து முகூர்த்தம் ஒப்புக்கொண்டிருக்கும் வீடியோகிராபர் பத்து டி.பி.க்கும் எஸ்.எஸ்.டி. வாங்க முயல்வாரானால் லாபம் முழுவதும் அதிலேயே போய்விடும், அவசியமும் இல்லை. எடிட்டிங் மேஜையில் இருக்கும் ஒன்றிரண்டு கல்யாணத்துக்கு மட்டும் வேகமான 2 டி.பி. என்.வி.எம்.ஈ., ஆல்பம் கொடுத்து முடிந்தவற்றுக்குப் பெரிய ஹார்டு டிஸ்க் என்று பிரித்துக்கொள்வதே அத்தொழிலில் அனுபவமுள்ளவர்கள் செய்வது. முடிந்த வீடியோவைத் திரும்பப் படிப்பது தொடர்ந்து படிப்பதாகவே இருக்குமாகையால் அங்கே ஹார்டு டிஸ்கின் பலவீனம் தெரியாது.

கண்காணிப்புக் காமெராவின் கதையும் அதுவே. காமெரா ஒன்றுக்கு 2 மெகாபிட் வீதம் நாலு காமெராக்கள் விநாடிக்கு 1 எம்.பி., நாளைக்கு 86 ஜி.பி. எழுதும். 1 டி.பி. பதினொரு நாளில் நிரம்பிப் பழையதன்மேல் எழுதத் தொடங்கும். ஒரு மாதப் பதிவு வேண்டுமென்றால் 3 டி.பி.யேனும் வேண்டும். கரம் அலைய வேண்டிய வேலையே இல்லாத இவ்விடத்தில் எஸ்.எஸ்.டி. வீண் செலவு, இரவு பகல் ஓயாமல் எழுதுவதற்கென்றே தயாரிக்கப்பட்ட ஹார்டு டிஸ்க் தனியாகக் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

சாதாரணக் குடும்பத்துக்கு, அலுவலகக் கடிதமும் பிள்ளைகளின் பாடமும் கொஞ்சம் புகைப்படமுமாக இருப்பவர்க்கு, 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று நெடுங்காலம் போதும். 256 என்பது விண்டோஸும் அதன் புதுப்பிப்புகளும் மென்பொருள்களும் உட்கார்ந்தபின் இரண்டு வருஷத்தில் மூச்சுத் திணறுவது. ஆரம்ப விலையில் சிறிது மிச்சம் பிடிப்பதற்காக அதை எடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். கைபேசியில் எடுத்தவற்றையெல்லாம் கணினியில் இறக்கிவைக்கும் வழக்கமுள்ளவர்கள் 1 டி.பி.க்குப் போகலாம்.

ஹார்டு டிஸ்க் வாங்குகிறவர் அறிய வேண்டிய மறைபொருள் ஒன்று உண்டு. இடத்தைப் பெருக்குவதற்காக, ஒரு தடத்தின் விளிம்பின்மேல் அடுத்த தடம் சிறிது ஏறிப் படியுமாறு எழுதும் எஸ்.எம்.ஆர். என்ற முறை சிலவற்றில் கையாளப்படுகிறது. படிப்பதில் தொல்லை இல்லை. நடுவில் ஒரு தடத்தைத் திருத்த நேர்ந்தால் அதன்மேல் ஏறியுள்ளவற்றையும் வரிசையாக மறுபடி எழுத வேண்டியிருப்பதால், ஓயாமல் திருத்தும் வேலைக்கு அது உதவாது. 2020-ஆம் ஆண்டில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், பல டிஸ்குகளை ஒன்றிணைத்து வைப்பவர்களுக்கென்று விற்ற ‘ரெட்’ வரிசையில் 2 முதல் 6 டி.பி. வரையுள்ளவற்றில் இம்முறையை வெளிப்படையாகத் தெரிவிக்காமல் புகுத்தியிருந்தது தெரியவந்து பெருங்கண்டனம் எழுந்தது. அதன் பிறகே எது எந்த முறை என்று பட்டியலிட்டுச் சொல்லும் வழக்கம் வந்தது. அப்பட்டியலில் சி.எம்.ஆர். என்று இருப்பதை விசாரித்து வாங்குவது நல்லது.

எவ்வளவு ஆராய்ந்து வாங்கினாலும் சாதனம் ஒருநாள் சாகும். பல லட்சம் ஹார்டு டிஸ்குகளை ஓட்டிவரும் பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிடும் கணக்குப்படி, 2023-இல் நூற்றுக்கு 1.4 வீதம் பழுதாயின. கேட்பதற்குச் சிறிய எண்ணாகத் தோன்றும். தனி ஒருவருக்கு நேர்ந்தால் அது முழு நஷ்டம். சாகுமுன் அறிகுறி தெரியாதா என்றால், அதையும் நம்ப முடியவில்லை. கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2007-இல் லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்குகளைப் பரிசீலித்து வெளியிட்ட கட்டுரையில், பழுதானவற்றுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை, தம் உடல்நிலையைத் தாமே குறித்துவைக்கும் ஸ்மார்ட் என்ற ஏற்பாட்டில் ஒரு குறியும் காட்டாமலே இறந்தன என்று கண்டார்கள். ஆகவே 2 டி.பி. ஒன்றாக வாங்குவதற்குப் பதில், உள்ளே 1 டி.பி., அதன் நகலுக்காக வெளியே 1 டி.பி. என்று வாங்குவதே எப்போதும் நல்ல பேரம். மீண்டும் எடுக்க முடியாத கல்யாணப் படமும் குழந்தைப் படமும் உள்ளவர்கள் மூன்றாவது நகலை வேறு வீட்டிலோ இணையத்திலோ வைக்கட்டும்.

அந்த வெளி நகலுக்கு ஹார்டு டிஸ்கே ஏற்றது. எஸ்.எஸ்.டி.யில் சிறையிட்ட எலெக்ட்ரான்கள் மின்சாரமின்றி நெடுங்காலம் கிடந்தால் மெல்லக் கசியும். எழுதும் ஆயுளைத் தீர்த்துவிட்ட எஸ்.எஸ்.டி., மின்சாரமின்றி 30 பாகை வெப்பத்தில் ஓராண்டு செய்தியைத் தாங்கினால் போதும் என்பதே ஜெடெக் என்னும் தரநிர்ணய அமைப்பு வகுத்த வரம்பு. புதியது அதைவிட நெடுநாள் தாங்கும் என்றாலும், வெப்பம் ஏற ஏறக் கசிவும் ஏறும். நம் ஊர்ச் சித்திரை மாசத்தில் பூட்டிய பீரோவுக்குள் 30 பாகை என்பது விடியற்காலையில்கூடக் கிடைக்காது. ஹார்டு டிஸ்கில் காந்தமாகப் பதிந்தது அவ்விதம் கசிவதில்லை. அதற்கும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு தடவை உயிர் கொடுத்துப் பார்ப்பது நலம். ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் கீழே போட்டுவிடக் கூடாது.

கடைசியாக, விலையைப் பார்த்தவுடனே சந்தேகம் எழ வேண்டிய சரக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆயிரம் ரூபாய்க்கு 2 டி.பி., 16 டி.பி. என்று இணையக் கடைகளில் விற்கும் பென் டிரைவுகளும் வெளி எஸ்.எஸ்.டி.களும், உள்ளே 32 அல்லது 64 ஜி.பி. சில்லு ஒன்றை வைத்து, கண்ட்ரோலரைப் பொய் சொல்லும்படி திருத்தியவை. கணினியில் செருகினால் 2 டி.பி. என்றே காட்டும், கோப்புகளின் பெயர்களும் வரிசையாகத் தெரியும், உண்மையான அளவைத் தாண்டி எழுதியவை மட்டும் திறக்கும்போது வெறும் குப்பையாக இருக்கும். இதைக் கண்டுபிடிக்க, சாதனம் முழுவதையும் அறிந்த செய்தியால் நிரப்பிப் பின் படித்து ஒப்பிடும் எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. புதிதாக வாங்கியது எதுவாயினும், அதில் ஒரு கோப்புகூட வைப்பதற்கு முன்னும், கடைக்காரர் திருப்பி வாங்கிக்கொள்ளும் கெடு முடிவதற்கு முன்னும் இதை ஓட்டிவிட வேண்டும். 2 டி.பி. வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றுக்கு எழுதவும் படிக்கவுமாக எட்டொன்பது மணி நேரம் பிடிக்கும். இரவு சாப்பாட்டுக்குமுன் தொடங்கினால் காலையில் முடிவு தெரிந்துவிடும்.